ஒரே ஊர், இரண்டு வெயில்: போர்ட்லண்டின் காலநிலை நிதி என்றால் என்ன?

2021 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள போர்ட்லண்ட் நகரத்தில் 46.7 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. வேலூர்க்காரர்களே வெளியே வர யோசிக்கும் வெயில் அது. ஆனால் போர்ட்லண்ட் தூறலுக்கும் மேகமூட்டத்துக்கும் பேர்போன ஊர். அங்குள்ள பழைய வீடுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பலவற்றில் ஏசியே கிடையாது, அதற்குத் தேவையும் இருந்ததில்லை. அதுவரை அந்த ஊர் கண்ட உச்சம் 41.7 டிகிரிதான். அந்த வாரம் அடுத்தடுத்த மூன்று நாட்களிலும் பழைய உச்சம் உடைந்தது.

அன்று மதியம் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விவேக் சாந்தாஸ் வெப்பமானியை எடுத்துக்கொண்டு காரில் நகரத்தைச் சுற்றி வந்தார். பெரிய மரங்கள் நிறைந்த, வசதியானவர்கள் வாழும் வில்லமெட் ஹைட்ஸ் பகுதியில் அவர் அளந்தது சுமார் 37 டிகிரி. நகரத்தின் தென்கிழக்கில், நெடுஞ்சாலையை ஒட்டி உள்ள லென்ட்ஸ் பகுதியில் சுமார் 51 டிகிரி. ஒரே ஊரில், ஒரே மதியத்தில், 14 டிகிரி வித்தியாசம்.

அந்த வெப்ப அலையில் போர்ட்லண்ட் உள்ள மல்ட்னோமா கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் சுமார் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வயதானவர்கள். தனியாக, ஏசி இல்லாத வீட்டில் இருந்தவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள்.

‘காலநிலை நீதி’ என்ற சொல் கேட்பதற்குப் பெரிய தத்துவம் மாதிரி இருக்கும். எனக்கு அதன் பொருள் 37, 51 என்ற அந்த இரண்டு எண்களில்தான் முழுசாகப் புரிந்தது. பூமி சூடாவது எல்லோருக்கும் பொது. அந்தச் சூடு யார் வீட்டுக்குள் எவ்வளவு நுழைகிறது என்பது பொது இல்லை. அந்த வித்தியாசத்தை யார் உண்டாக்கினார்கள், அதைச் சரிசெய்யும் பணம் எங்கிருந்து வரவேண்டும், அதை எப்படிச் செலவழிப்பது என்று யார் முடிவு செய்யவேண்டும் என்கிற கேள்விகள்தான் காலநிலை நீதி. இவற்றுக்கு ஒரு நகரம் தர முயன்ற பதில், ‘போர்ட்லண்ட் தூய ஆற்றல் நிதி’.

சூடு எப்படி ஓர் இடத்தில் தேங்கியது

தாரும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து, இரவில் மெல்ல வெளியே விடும். மரம் நிழல் தருவதோடு இலை வழியே நீராவியை விட்டுச் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும். ஆகவே மரம் குறைந்து சாலையும் பார்க்கிங் இடமும் பெருகிய பகுதி சூடாகத்தான் இருக்கும். இது பள்ளிப் பாடம். ஆனால் எந்தப் பகுதியில் மரம் இருக்கும், எங்கே நெடுஞ்சாலை வரும் என்பதை முடிவு செய்தது இயற்கை இல்லை.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரங்களின் வரைபடங்களில் பகுதிகளை வண்ணம் தீட்டிப் பிரித்தது. கடன் கொடுப்பது ‘ஆபத்து’ என்று கருதிய பகுதிகளுக்குச் சிவப்பு. கறுப்பின மக்களும் குடியேறிகளும் ஏழைகளும் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது அரிதானது. நிலத்தின் மதிப்பு விழுந்தது. நெடுஞ்சாலையோ தொழிற்சாலையோ கட்ட இடம் தேடும்போது விலை குறைந்த அந்த நிலம்தான் கண்ணில் பட்டது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு 108 அமெரிக்க நகரங்களின் அந்தப் பழைய வரைபடங்களை இன்றைய வெப்ப அளவுகளோடு ஒப்பிட்டது. பெரும்பாலான நகரங்களில், அன்று சிவப்பு தீட்டப்பட்ட பகுதிகள்தான் இன்று அதிகச் சூடு. சராசரி வித்தியாசம் 2.6 டிகிரி. சில நகரங்களில் அது 7 டிகிரி வரை போனது, போர்ட்லண்டும் அவற்றில் ஒன்று.

போர்ட்லண்டின் கறுப்பின மக்களுக்கு இந்தக் கதை இன்னும் நீளம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக ஆற்றோரத் தாழ்நிலத்தில் எழுந்த வான்போர்ட் குடியிருப்பு, 1948 மே 30 வெள்ளத்தில் ஒரே நாளில் அழிந்தது. சுமார் 18,500 பேர் வீடிழந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் அல்பைனா பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ஏனென்றால் வேறு எங்கும் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. அப்புறம் அந்த அல்பைனாவின் நடுவிலேயே விளையாட்டரங்கம் வந்தது, நெடுஞ்சாலை வந்தது, ஒரு மருத்துவமனையின் விரிவாக்கத்துக்காகத் தெருக்களே இடிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் வீட்டைக் காலி செய்தவர்கள் அதே மக்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது

பொதுவாக நகரங்கள் இப்படியான திட்டங்களுக்குப் பணம் தேடும்போது வரவு செலவுத் திட்டத்தின் ஓரத்தில் மிஞ்சியதைக் கிள்ளிக் கொடுக்கும், அல்லது மேலே உள்ள அரசிடம் கையேந்தும். இரண்டுமே அடுத்த தேர்தலோடு காணாமல் போகலாம். 2022இல் வந்த ஒரு சட்டம் அமெரிக்காவின் மத்திய சுற்றுச்சூழல் முகமை வழியாகச் சுற்றுச்சூழல் நீதித் திட்டங்களுக்குச் சுமார் 300 கோடி டாலரை ஒதுக்கியது. 2025இல் ஆட்சி மாறியதும் அந்த முகமை ஏற்கெனவே கொடுத்த மானியங்களைக்கூட ரத்து செய்தது. அதை நம்பி ஆள் எடுத்திருந்த சிறிய அமைப்புகள் நடுத்தெருவில் நின்றன.

போர்ட்லண்டின் நிதி வேறு மாதிரிப் பிறந்தது. இனச் சிறுபான்மையினரின் அமைப்புகள் முன்னின்று, சுற்றுச்சூழல் அமைப்புகளோடு கூட்டணி சேர்ந்து ஒரு சட்டத்தை எழுதின. நகர மன்றம் நிறைவேற்றட்டும் என்று காத்திராமல், கையெழுத்து சேகரித்து அதை நேராக வாக்காளர்களிடம் கொண்டுபோயின. 2018 நவம்பரில் சுமார் 65 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். நம் ஊரில் சுற்றுச்சூழல் இயக்கம் என்றால் பெரும்பாலும் ஒன்றை நிறுத்தச் சொல்லிப் போராடுவது. இங்கே அந்த மக்களே ஒரு வரிச் சட்டத்தை எழுதி, வாக்கு கேட்டு, ஜெயித்திருக்கிறார்கள். இதை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன்.

வரி எப்படி வேலை செய்கிறது என்பது எளிது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் வருவாய் உள்ள, போர்ட்லண்டுக்குள் 5 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் பெரிய சில்லறை வணிக நிறுவனங்கள், போர்ட்லண்டில் அவற்றுக்குக் கிடைக்கும் விற்பனை வருவாயில் 1 சதவீதம் கட்டவேண்டும். மளிகைக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இது ஒரு ‘செஸ்’ மாதிரி: குறிப்பிட்ட காரியத்துக்கென்று வசூலித்து, தனிப்பெட்டியில் போட்டு வைக்கிற பணம். தெருமுனைக் கடைக்கு இதனால் ஒரு பாரமும் இல்லை. பெரிய நிறுவனங்கள் அந்த 1 சதவீதத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டாதா? கட்டலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. சில நிறுவனங்கள் அதைப் பில்லில் தனியாகவே காட்டுகின்றன.

பிரச்சாரத்தின்போது ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர் வரும் என்று பேசினார்கள். வந்ததோ அதைப்போலப் பல மடங்கு. 2023இல் நகர மன்றம் ஏற்ற முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் அளவே 75 கோடி டாலர்.

மானியம் என்றால் இங்கே என்ன பொருள்

‘மானியம்’ என்றதும் உர மானியமும் சிலிண்டர் மானியமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அது விலையைக் குறைத்துத் தருவது. இங்கே பேசுவது வேறு. ஓர் அமைப்பு ‘இந்த வேலையை, இத்தனை பேருக்கு, இந்தச் செலவில் செய்கிறோம்’ என்று திட்டம் கொடுக்கிறது. நகரம் அதைப் பரிசீலித்து, ஒப்பந்தம் போட்டு, பணம் தருகிறது. திருப்பிக் கட்டவேண்டாம், ஆனால் ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் காட்டவேண்டும்.

வாக்காளர்கள் ஏற்ற சட்டத்திலேயே பணத்தை எப்படிப் பிரிப்பது என்றும் எழுதியிருந்தது. 40 முதல் 60 சதவீதம் வரை சூரிய மின்சாரத்துக்கும் வீடுகளின் மின்செலவைக் குறைக்கும் வேலைகளுக்கும். அதிலும் குறைந்தது பாதி, வருமானம் குறைந்தவர்களுக்கும் இனச் சிறுபான்மையினருக்கும் பயன்படவேண்டும். 20 முதல் 25 சதவீதம் தொழிற்பயிற்சிக்கு. 10 முதல் 15 சதவீதம் மரம், மண், வேளாண்மை, பசுமைக் கட்டமைப்புக்கு. 5 சதவீதம் புது யோசனைகளுக்கு. விண்ணப்பங்களை எடைபோட, நகரவாசிகள் ஒன்பது பேர் கொண்ட குழு. அந்தக் குழு பரிந்துரைக்கும், நகர மன்றம் இறுதி முடிவெடுக்கும். தொடக்கத்தில் விண்ணப்பத்தின் தலைமை லாப நோக்கில்லாத அமைப்பிடம் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. ஒரு கம்பெனி கூட்டாளியாகச் சேரலாம், தலைமை ஏற்க முடியாது.

தொழிற்பயிற்சிக்கு ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். கூரையில் சூரியத் தகடு மாட்டுகிறவரும் சுவருக்குள் வெப்பத்தடுப்புப் பஞ்சு அடைக்கிறவரும் வெளியூரிலிருந்து வந்துபோனால், அந்தப் பகுதிக்குக் கிடைப்பது தகடும் பஞ்சும் மட்டுமே. சம்பளம் வெளியே போய்விடும். அந்தத் தெருப் பிள்ளைகளே அந்த வேலையைக் கற்றுக்கொண்டால் கதை வேறு.

ஒரு கட்டடத்தை வைத்துப் பார்ப்போம்

‘மக்கள் முன்னின்று நடத்தும் திட்டம்’ என்பதில் அப்படி என்ன இருக்கிறது? நகராட்சியே பொறியாளர்களை அனுப்பி எல்லாவற்றையும் செய்துவிடலாமே? இதற்கு ஒரு கற்பனைக் கட்டடத்தை எடுத்துக்கொள்கிறேன். கிழக்கு போர்ட்லண்டில் இரண்டு மாடி, 24 வீடுகள், எல்லாம் வாடகை. 1970களில் கட்டியது. சுவரில் வெப்பத்தடுப்பு கிடையாது. குளிர்காலத்துக்குச் சுவரோரத்தில் மின்சார ஹீட்டர், கோடைக்கு மேசை விசிறி.

இந்தக் கட்டடத்துக்கு உண்மையில் தேவை, ஹீட் பம்ப் என்கிற இயந்திரம். அது சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கிற சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துகிறது. கோடையில் உள்ளிருந்து வெளியே, குளிரில் வெளியிலிருந்து உள்ளே. சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். இது இரண்டு மூன்று யூனிட் சூட்டை நகர்த்திவிடும். கரண்ட் பில்லும் குறையும், வெப்ப அலையில் உயிரும் தப்பும். சரி, ஏன் யாரும் மாட்டவில்லை? மாட்டவேண்டியவர் கட்டடத்தின் சொந்தக்காரர். ஆனால் பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். செலவு ஒருவருக்கு, மிச்சம் இன்னொருவருக்கு. அதனால் வருடக்கணக்காக ஒன்றும் நடப்பதில்லை. சில இடங்களில் ஜன்னலில் ஏசி மாட்டக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே தடை இருந்தது. 2021 மரணங்களுக்குப் பிறகு, 2022இல்தான் போர்ட்லண்ட் உள்ள ஒரிகன் மாநிலம் வாடகைதாரர்கள் ஏசி வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியது.

இப்போது நகராட்சி இலவச ஏசி என்று அறிவித்து ஓர் இணையப் படிவத்தை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கட்டடத்தில் எட்டாம் எண் வீட்டில் ஒரு வியட்நாமியப் பாட்டி தனியாக இருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. அரசு அலுவலகத்திலிருந்து எது வந்தாலும் பயம். விண்ணப்பித்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவாரோ, காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று இன்னொரு பயம். ஏசி கொடுத்தாலும் கரண்ட் பில்லுக்குப் பயந்து போடமாட்டார். அந்தப் படிவத்தில் இந்தப் பயங்களுக்கெல்லாம் கட்டமே கிடையாது. ஆனால் வாராவாரம் அவருக்கு அரிசி கொண்டுவந்து கொடுக்கும் அமைப்பின் ஊழியருக்கு எல்லாமே தெரியும். அந்த அமைப்பு கதவைத் தட்டினால் கதவு திறக்கும்.

மக்கள் தலைமை என்பதன் பயன் இதுதான். இதைக் கருணை என்றோ அடையாள மரியாதை என்றோ பார்ப்பது தவறு. எது வேலை செய்யும், எது செய்யாது என்கிற தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது.

போர்ட்லண்ட் செய்ததும் கிட்டத்தட்ட இதுவே. வருமானம் குறைந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 15,000 குளிரூட்டும் கருவிகள் என்று இலக்கு வைத்து, 2022 கோடையில் பொருத்தத் தொடங்கினார்கள். வீடுகளைக் கண்டுபிடிக்கும் வேலை சமூக அமைப்புகளுடையது. கொண்டுபோய்க் கொடுத்ததோடு நிறுத்தாமல் வீட்டுக்குள் வந்து பொருத்தியும் கொடுத்தார்கள். அது ஏன் முக்கியம் என்றால், அந்தக் கருவி சக்கரம் வைத்துத் தரையில் நிற்கும். பின்னாலிருந்து கைத்தண்டி குழாய் ஒன்று ஜன்னலுக்குப் போகும், அதன் வழியாகத்தான் சூடான காற்று வெளியேறும். பக்கவாட்டில் நகரும் ஜன்னலாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பலகையை அளவுக்குச் சரிசெய்து இடைவெளியில் செருகி, ஓரத்தில் நுரைப்பட்டை ஒட்டவேண்டும். அது சரியாகப் பொருந்தாவிட்டால் வெளிக்காற்று திரும்ப உள்ளே வந்து, கருவி ஓடியும் அறை குளிராது. எண்பது வயதில் தனியாக இருப்பவர் அந்தப் பெட்டியைப் பிரித்து இதையெல்லாம் செய்யமுடியாது. விசிறி மட்டும் போதாதா என்றால், வெளியே 46 டிகிரி இருக்கும்போது விசிறி சூடான காற்றைத்தான் உடம்பின் மேல் அடிக்கும்.

தடுமாறிய இடங்கள்

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். இதே குளிரூட்டும் திட்டத்துக்கு முதலில் ஒரு சிறிய அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு நகர மன்றம் ஒப்புதலும் கொடுத்தது. அதை நடத்துபவரின் கடந்தகாலம் பற்றிச் செய்தித்தாளில் வந்த பிறகு அது ரத்தானது. 2022இல் நகரத்தின் தணிக்கை அறிக்கையும் வந்தது: இவ்வளவு பணம் கையாளும் நிதிக்கு மேற்பார்வையும், பலனை அளக்கும் முறையும் வலுவாக வேண்டும் என்றது.

நான் இந்த விமர்சனத்தை முழுசாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து ‘சின்ன அமைப்புகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்’ என்று சிலர் எடுக்கும் முடிவை ஏற்கவில்லை. கணக்காளர் வைக்க வசதியில்லாத அமைப்புக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதும் அதற்கான செலவைக் கொடுப்பதும் மானியத்தின் பகுதிதான். பொதுவாக அரசு மானியங்களில் ‘முதலில் செலவு செய், பில் கொடு, பிறகு தருகிறோம்’ என்பார்கள். கையில் காசில்லாத அமைப்பு அதில் முதல் மாதமே விழுந்துவிடும். எந்த நகரத்தின் மானிய அறிவிப்பைப் படித்தாலும், முன்பணம் உண்டா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். அறிமுக வாசகங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் நுழையலாம் என்பதை முடிவு செய்வது அந்த ஒரு வரி. போர்ட்லண்டில் பெரிய மானியங்களுக்கு முன்படியாக, திட்டம் தீட்டுவதற்கு என்றே தனி மானியமும் 5,000 டாலர் வரையிலான சிறு மானியமும் வைத்தார்கள். 2021இல் கொடுத்த முதல் சுற்றே சிறியதுதான், மொத்தம் சுமார் 86 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அது 10 கோடியைத் தாண்டியது.

இன்னொரு சிக்கல், பணம் பெருகியதால் வந்தது. பெட்டி நிறைந்ததும் நகரத்தின் மற்றத் துறைகளின் பார்வை அதன்மேல் விழுந்தது. 2022இல் விதிகள் திருத்தப்பட்டு, அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் போக்குவரத்துத் திட்டங்களுக்கும் வழி திறந்தது. பள்ளிக் கட்டடங்களுக்கும் இந்தப் பணம் தேவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்ஜெட்டில் துண்டு விழும்போதெல்லாம் இந்த நிதியிலிருந்து எடுத்து அடைப்பது வழக்கமானால், 2018இல் வாக்களித்தவர்கள் கேட்டது இதுவா என்ற கேள்வி எழும். அந்த விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

மரம் வேண்டாம் என்றவர்கள்

கிழக்கு போர்ட்லண்டில் மரம் குறைவு. அந்தப் பகுதியின் பெரும்பங்கை 1980களிலும் 90களிலும்தான் நகரம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பல தெருக்களில் நடைபாதை கிடையாது, மரம் நட ஓரத்தில் மண்ணும் கிடையாது. அங்கே இலவசமாக மரக்கன்று தருகிறோம் என்று போனபோது வேண்டாம் என்றவர்கள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு இல்லை என்று தோன்றும். கொஞ்சம் நின்று கேட்டால் காரணம் புரியும். போர்ட்லண்டில் வீட்டுக்கு முன்னால் உள்ள தெரு மரத்தைப் பராமரிப்பது அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதே நெடுநாள் விதி. கிளை வெட்டும் செலவு அவருடையது. வேர் கிளம்பி நடைபாதையைப் பெயர்த்தால் அதைச் சரிசெய்யும் செலவும் அவருடையது. மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓட்டுகிறவருக்கு அந்தக் கன்று, இருபது வருடம் கழித்து வரப்போகும் ஒரு பில்.

அதனால்தான் இந்த நிதியிலிருந்து மரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கன்றும் நடுகூலியும் மட்டும் இல்லாமல், நட்ட பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் செலவும் சேர்ந்தது. போர்ட்லண்டில் மழையெல்லாம் குளிர்காலத்தில்தான், கோடை வறண்டு கிடக்கும். முதல் சில கோடைகளில் யாராவது வாளியைத் தூக்கிக்கொண்டு போகாவிட்டால் கன்று காய்ந்துவிடும். அந்த வாளியைத் தூக்குகிறவருக்கு, அதே தெருவில் வசிப்பவருக்கு, அது சம்பளம் உள்ள ஒரு வேலையாக இருக்கலாம் என்பதுதான் இந்த மானியங்களுக்குப் பின்னால் உள்ள யோசனை.